தார்ப்பாயிலிருந்து சொந்த மனைக்கு: இருளர் குடும்பங்களோடு நிற்கும் களப்பணியாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏரிக்கரையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, அரிசிப் பானைக்குள் கைவிட்டு முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே நான்காய் மடித்த வீட்டுமனைப் பட்டா. ஆறு வருஷத்துக்கு முன்னால் மேடையில் வைத்துக் கொடுத்தது. மடிப்பில் கிழிந்திருந்தது, புல எண் இருந்த இடத்திலேயே. "இடம் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டேன். "யாரும் காமிக்கவே இல்லயே தம்பி" என்றார்.

அரசுப் பதிவேட்டில் அவர் வீட்டுமனை பெற்றவர். கணக்கில் அவர் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அந்தக் காகிதத்துக்கும் அவர் தலைக்கு மேல் ஒரு கூரைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கூடவே நடந்து கடக்க ஒருவர் வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இதைக் கேஸ் மேனேஜ்மென்ட் என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு கோப்பு, தொடர்ந்து போய்ப் பார்த்தல், முடியும்வரை விடாமல் இருத்தல். சமவெளியில் வாழும் இருளர் பழங்குடிக் குடும்பங்களோடு இந்த வேலையைச் செய்ய வருகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நீலகிரி, கோவை மலைப்பகுதி இருளர்களின் நிலம் வன உரிமைச் சட்டத்தோடு பின்னியது. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

யாரை வீடில்லாதவர் என்று எடுப்பது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடைபாதை, பாலத்தடி, ரயிலடி, கோயில் மண்டபம் என்று திறந்த இடத்தில் இரவைக் கழிப்பவர்கள்தான் வீடற்றோர். 2011 கணக்கில் இந்தியா முழுவதும் அப்படி சுமார் 17.7 லட்சம் பேர். இந்த வரையறையை வைத்துத் தேடினால் இருளர் குடும்பங்களில் பாதி உங்கள் கண்ணில் படாது. செங்கல் சூளையில் முதலாளி கொடுத்த கொட்டகையில் இருப்பவருக்குக் கூரை உண்டு, ஆனால் வேலையை விட்ட அன்றைக்கே அது போய்விடும். சவுக்குத் தோப்பு, தைல மரம் வெட்டப் போகிறவர்கள் வெட்டு முடிந்ததும் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போகிறார்கள். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டவர் நோட்டீஸ் வரும்வரை அங்கே இருப்பார். பட்டா வாங்கியும் இடத்தைப் பார்க்காதவரைத்தான் மேலே சொன்னேன். நான்கு பேருமே உங்கள் பட்டியலில் வர வேண்டும்.

ஒரு பொறுப்பாளர் கையில் பதினைந்து, இருபது குடும்பங்களுக்கு மேல் வைக்காதீர்கள். இது என் அனுபவக் கணக்கு. இதற்கு மேல் போனால் வருகை வெறும் கையெழுத்தாகிவிடும்.

முதல் படி: கோப்பு இல்லாமல் போங்கள்

முதல் இரண்டு, மூன்று தடவை நோட்டும் படிவமும் இல்லாமல் போங்கள். இவர்கள் வாழ்க்கையில் பேனாவோடு வந்தவர்கள் பெரும்பாலும் சூளைக்கு ஆள் பிடித்துக் கணக்கு எழுதும் மேஸ்திரி, வழக்கு எழுதும் போலீஸ், பெயரை எழுதிப்போய்த் திரும்பி வராத யாரோ ஒருவர். விடியற்காலையில் போனால் ஆள் இருக்க மாட்டார்கள். சாயங்காலம் அடுப்பு மூட்டும் நேரம் நல்லது. பெரியவர்களை அண்ணா, அக்கா, ஆயா, தாத்தா என்று கூப்பிடுங்கள். இருபது வயதுப் பையன் அறுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி 'வா, போ' என்று அழைக்கும் ஊர்களில் இவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் 'வாங்க' என்பதை முதல் நாளே கவனிப்பார்கள்.

தனிக் குடும்பத்தைப் பார்த்துப் பேசினாலும் முடிவு தனிக் குடும்பத்தில் நடக்காது. மாமியார், மச்சான், பக்கத்துக் குடிசையில் இருக்கும் பெரியம்மா எல்லோரும் பேசித்தான் நகர்வார்கள். எனவே உறவு வரைபடம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்: யார் யாருக்கு என்ன முறை, அவர்கள் இப்போது எந்த ஊரில், எந்தச் சூளையில். இந்த ஒரு தாள் பின்னால் சாதிச் சான்றுக்கும் இடம் தேர்வுக்கும் உதவும்.

இரண்டாம் படி: கொத்தடிமை நிலையா என்று பாருங்கள்

வீடு பற்றிப் பேசும் முன்னால் அவர்கள் போக, வரச் சுதந்திரமாக இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். "அட்வான்ஸ் எவ்வளவு? இதுவரை எவ்வளவு கழிந்தது? சந்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போக விடுவாங்களா? சாவு, நல்லதுக்கு விடுவாங்களா? ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கு?" இந்த ஐந்து கேள்விகள் போதும். கணவனை மட்டும் வெளியே விட்டு மனைவி, பிள்ளைகளை இருத்தி வைப்பது பழைய வழக்கம்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணத்துக்காக உழைப்பைக் கட்டிப்போட்டால் அந்தக் கடனே சட்டப்படி இல்லாமல் போகிறது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் சொன்னது. பழங்குடியினரை இப்படி வைத்திருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். புகார் ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ போக வேண்டும். நீங்களே சூளைக்குள் போய்ப் பேசி வெளியே கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள். மறுநாள் அந்தக் குடும்பம் வேறு மாவட்டத்துச் சூளையில் இருக்கும்.

மீட்பு நடந்தால் அன்றே உங்கள் கண் தேட வேண்டிய ஒரே காகிதம் விடுவிப்புச் சான்று. குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் ஏற்காதீர்கள், வேலை செய்த ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகக் கேளுங்கள். உடனடி உதவியாக ஆளுக்கு 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் 3 லட்சம். ஆனால் அது குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வருஷக்கணக்கில் ஆகலாம். அந்தப் பணத்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள், குடும்பத்திடமும் அந்தத் தொகையை முதல் நாளே சொல்லாதீர்கள். விடுவித்துவிட்டு மறுவாழ்வு கொடுக்காமல் விட்டால் அதே அடிமைத்தனத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1984-இலேயே எச்சரித்தது. நம் வேலையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: குடும்பத்தின் ஆண்டை வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ட்டில் பன்னிரண்டு தமிழ் மாதங்களை எழுதி, குடும்பத்தோடு உட்கார்ந்து நிரப்புங்கள். எந்த மாதம் எங்கே இருப்பீர்கள், எப்போது காசு இருக்கும், எப்போது இல்லை?

பெரும்பாலும் இப்படி வரும். தை பிறந்ததும் சூளைக்குப் போவார்கள், ஆனி கடைசியிலோ ஆடியிலோ கணக்கு முடித்துத் திரும்புவார்கள். மாசி மகத்துக்கு எங்கிருந்தாலும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள், கன்னியம்மாவைக் கும்பிட. நெல் அறுவடை நேரம் வயல் எலி பிடிப்பது, வளை தோண்டி எலி சேர்த்து வைத்த நெல்லை எடுப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறையும், மீனும் நண்டும் கிடைக்கும், குடிசைக்குள் தண்ணீரும் வரும். வேலையும் இருக்காது. இந்த மழை மாதங்களில்தான் மேஸ்திரி வருவார். கையில் 20,000, 30,000 வைத்துவிட்டுப் போவார்.

இப்போது அதே சார்ட்டில் வேறு நிறத்தில் அலுவலக மாதங்களை எழுதுங்கள். கிராம வருவாய்க் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தி மே, ஜூனில். பள்ளி திறப்பது ஜூனில். வீடு கட்ட ஏற்ற காய்ந்த மாதங்கள் தை முதல் ஆனி வரை. இரண்டு நிறமும் எங்கே மோதுகின்றன என்று பாருங்கள். பட்டாவுக்கு மனு கொடுக்கும் நாளில் குடும்பம் சூளையில் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில் பிள்ளை சூளையில் இருக்கிறது. அஸ்திவாரம் போட வேண்டிய மாதத்தில் வீட்டுக்காரர் வேறு எங்கோ கல் அறுத்துக்கொண்டிருக்கிறார். செடி முளைத்துக் கிடக்கும் அஸ்திவாரங்களைப் பழங்குடிக் குடியிருப்புகளில் பார்த்திருப்பீர்கள். 'இவங்களுக்கு அக்கறை இல்லை' என்று அதைப் பார்த்துச் சொல்கிற அதிகாரியிடம் இந்தச் சார்ட்டைக் காட்டுங்கள். நான் காட்டியிருக்கிறேன், புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

நான்காம் படி: காகிதங்கள், இந்த வரிசையில்

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் எல்லாமே 'முகவரிச் சான்று இல்லை' என்று திரும்பி வரும். வரிசை முக்கியம்.

ஆதார் முதலில். எந்த ஆவணமும் இல்லாதவருக்கு அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் கையெழுத்திட்ட படிவத்தை வைத்துப் பதிவு செய்யலாம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் குடும்பத் தலைவர் அடிப்படையில் மற்றவர்களைச் சேர்க்கலாம். செங்கல் அறுக்கிறவர்களின் கையைப் பாருங்கள். மண்ணையும் மணலையும் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். ரேகை ஏறாது. 'அப்புறம் வாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். கருவிழிப் பதிவை வைத்து முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரேஷன் கடையிலும் இதே தகராறு வரும், அங்கேயும் கூடவே ஒரு முறை போய் வாருங்கள்.

அடுத்து குடும்ப அட்டை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஆறு சமூகங்கள் அதிகம் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருக்கின்றன. அதனால் சாதாரண அட்டையோடு திருப்தி அடையாமல், மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை கேளுங்கள், மாதம் 35 கிலோ அரிசி. அந்த அரிசி இருந்தால் மழைக்காலத்தில் மேஸ்திரியின் பணத்துக்குக் கை நீட்டுவது கொஞ்சம் தள்ளிப்போகும். அரிசி வீட்டைக் காக்கும் என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

வாக்காளர் அட்டைக்கு முகவரி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். வீடற்றவர் ஓர் இடத்தில் உறங்குவதாகச் சொன்னால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்து சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதிமுறை. இது தெரியாத அலுவலர்கள் நிறையப் பேர். மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்று: மரம் வெட்டும் இடத்தில் பிறந்த குழந்தைக்கு எங்கேயும் பதிவு இருக்காது. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் நிலையில் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு இந்தச் சான்று ஒன்றே ஆதாரம் என்று சட்டம் மாறியிருக்கிறது. எனவே கர்ப்பிணி ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால், எந்த ஊரில் பிரசவம் நடந்தாலும் 21 நாளுக்குள் பதிவு செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சாதிச் சான்று. கடைசி என்றால் முக்கியம் குறைவு என்று அர்த்தமில்லை, இதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும் என்பதால் மற்றவற்றைக் காத்திருக்க வைக்காதீர்கள். பட்டியல் சாதியினருக்குத் தாசில்தாரே தருகிறார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அப்பா, அம்மாவின் சான்று கேட்பார்கள், அவர்களுக்கு இருந்ததே இல்லை. இங்கேதான் அந்த உறவு வரைபடம் உதவும். ரத்த உறவில் யாராவது ஒருவரிடம், வேறு தாலுகாவிலாவது, சான்று இருக்கும். அவரைக் கண்டுபிடித்து விசாரணையில் நிற்க வைத்தால் பாதி வேலை முடிந்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? மாசி மகத்தன்று மாமல்லபுரம் போங்கள். மணலில் சேலையை மறைப்பாகக் கட்டி, குடும்பம் குடும்பமாகத் தங்கியிருப்பார்கள். கல்யாணம் பேசுவதும் நடப்பதும் அங்கேயே. ஆறு மாவட்டத்து உறவு ஒரே கடற்கரையில் இருக்கும். இரண்டு வருஷமாகத் தேடிய சித்தப்பாவை நாங்கள் அங்கேதான் ஒரு பெண்ணுக்குக் கண்டுபிடித்தோம். அவரிடம் 1990-களில் வாங்கிய சான்று இருந்தது.

எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் கோப்பில், ஒன்று சொந்தக்காரர் ஒருவரிடம். மூலம் எப்போதும் குடும்பத்திடம், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில். பத்திரமாக இருக்கும் என்று சொல்லி மூலத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சூளை முதலாளியும் அதையேதான் சொல்லி வாங்கி வைத்திருந்தார்.

ஐந்தாம் படி: நிலம்

வீடு கட்டும் திட்டம் ஒன்று மாறி ஒன்று வரும். நிலம் இல்லாமல் எதிலும் சேர முடியாது. ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கே போகட்டும்.

முதலில் இப்போது இருக்கும் இடத்தின் வகைப்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணைப் பாருங்கள். கிராம நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென விட்ட நிலம் என்றால் அங்கேயே பட்டா வாங்கலாம். ஆட்சேபமற்ற புறம்போக்கு என்றாலும் வழி உண்டு. ஏரி, குளம், வாய்க்கால் என்றிருந்தால் அங்கே பட்டா கிடைக்காது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்தது, உயர் நீதிமன்றமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இருபது வருஷம் இருந்தோம் என்பது அங்கே செல்லாது. இதைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ் வந்த வாரத்திலேயே எழுத்தில் பதில் கொடுங்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் அவர்களைப் பிடிக்கலாம்.

மாற்று இடம் பார்க்கும்போது நாம் செய்யும் பெரிய தவறு, கிடைத்ததை வாங்கிக்கொள்வது. ஊரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, கல்குவாரிக்குப் பின்னால், பஸ் போகாத மேட்டில் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். இருளர் ஏன் ஏரிக்கரையில் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கையால் தடவிப் பிடிக்கும் மீன், வரப்பு நண்டு, எலி, கீரை, விறகு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால். அந்தத் தூரத்தை அறுத்துவிட்டு வீடு கொடுத்தால் பூட்டிய வீடுதான் மிஞ்சும். இடத்தைக் காட்டும் அன்று குடும்பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், பள்ளிக்குப் பிள்ளை எப்படிப் போகும், இருட்டில் எந்த வழியாகத் திரும்பி வருவது என்று அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதி மனுவோடு இணையுங்கள். ஓர் ஆயா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்து, "இது களிமண்ணு, சுவரு நிக்காது" என்றார். பிறகு வந்த பொறியாளரும் அதையே சொன்னார்.

உறவுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே இடத்துக்குப் போவது அவசியம். தனியாக ஒரு குடும்பம் வேற்று ஊர் நடுவில் போய் நிலைத்து நான் பார்த்ததில்லை. ஐந்து குடும்பமாவது சேரட்டும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்கள். மனு கொடுப்பார்கள், அந்த இடத்தை விளையாட்டுத் திடலுக்கும் கோயிலுக்கும் விட்டிருக்கிறோம் என்பார்கள். பேசிப் பார்க்கலாம், ஆனால் நம் குடும்பங்களை அழைத்துக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் நிறுத்திப் பேசாதீர்கள். ஒதுக்கிய நிலத்தில் இருக்கவிடாமல் தடுத்தால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். 14566 அதற்கான தேசிய உதவி எண்.

பட்டா கைக்கு வந்த நாள் வேலை முடிந்த நாளில்லை. 2021 நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சரே மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். இந்தப் பிரச்சினை அரசின் கண்ணில் பட்டதற்கு அது பெரிய அடையாளம். மேடையில் கொடுக்கும் எந்தப் பட்டாவுக்கும் பின்னால் நில அளவர் வந்து அளந்து, நாலு மூலையிலும் கல் நட வேண்டும். அது நடக்கும்வரை கோப்பில் 'பட்டா பெற்றார்' என்று எழுதாதீர்கள், 'பட்டா வந்தது, அளக்கவில்லை' என்று எழுதுங்கள். கல் நட்ட அன்று குடும்பத்தை அந்தக் கல் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அவர்களிடம் ஒரு பிரதி கொடுங்கள். மறுநாளே நாலு குச்சி நட்டு ஒரு பந்தலாவது போடச் சொல்லுங்கள், காலி மனையை நம் ஊரில் யாரும் காலியாக விட்டுவைக்க மாட்டார்கள். பட்டா பெண் பெயரில் இருக்கட்டும்.

மனு கொடுக்கும் இடங்கள்: திங்கட்கிழமை ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், வருஷத்துக்கொரு தடவை ஜமாபந்தி. ஒப்புகைச் சீட்டு எண் இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். ஜமாபந்திக்காகச் சூளையிலிருந்து ஒருவர் மட்டும் ஒரு நாள் வந்துபோக முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், பஸ் காசையும் சேர்த்து.

ஆறாம் படி: வீடு

இருளருக்கு முக்கியமான வழியாக வந்தது, அதிகம் நலிவுற்ற பழங்குடிகளுக்காக 2023 நவம்பர் 15-இல் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டம். அதில் மத்திய அரசு வகுத்த தொகை ஒரு வீட்டுக்கு 2.39 லட்சம். வீட்டுக்கு 2 லட்சம், கழிப்பறைக்கு 12,000, மீதி ஊரக வேலைத் திட்டக் கூலி. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் 2024-இல் வந்தது, 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். உங்கள் ஒன்றியத்தில் எது நடைமுறையில் இருக்கிறது, மாநிலம் எவ்வளவு சேர்த்துத் தருகிறது என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்ட வேலை முடிந்து, பொறியாளர் படம் எடுத்து ஏற்றிய பிறகே அதற்கான பணம். அப்படியென்றால் அஸ்திவாரத்துக்கு முதல் காசு யார் போடுவது? கையில் ஒன்றுமில்லாத குடும்பத்திடம் ஒரு கான்ட்ராக்டர் வந்து, 'பாஸ்புக்கைக் கொடு, நான் கட்டித் தர்றேன்' என்பார். சூளை அட்வான்ஸ் போலவே இதுவும் ஒரு முன்பணம். பாதிச் சுவரோடு நின்ற வீடுகளை விசாரித்துப் பாருங்கள், பாஸ்புக் எங்கே போனது என்று தெரியும். நாங்கள் செய்தது: ஐந்து குடும்பம் சேர்ந்து குழுக் கணக்கு, ஒரு சிறு சுழல் நிதி, சிமென்ட்டும் கம்பியும் ஒன்றாக வாங்குதல், கொத்தனாருக்கு வாரக்கூலி. ஒரு வீட்டின் முதல் தவணை வந்ததும் அடுத்த வீட்டின் அஸ்திவாரத்துக்கு அந்தச் சுழல் நிதி போகும். பெரிய தொகை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது யாராவது ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து கணக்கை உரக்கப் படிப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும், படித்துக் காட்டினால் போதும்.

கட்டும் மாதங்களும் சூளை மாதங்களும் ஒன்றுதான் என்று சொன்னேன். அந்த ஐந்தாறு மாதம் அடுப்பெரிய என்ன வழி என்று தை மாதத்துக்கு முன்பே எழுதி முடிவு செய்யுங்கள். சொந்த வீட்டு வேலைக்கே ஊரக வேலைத் திட்டக் கூலி உண்டு. பதிவில் பெயர் ஏறுகிறதா என்று வாராவாரம் பாருங்கள். மின் இணைப்பு, குடிநீர் இரண்டையும் கூரை போடும்போதே விண்ணப்பியுங்கள்.

ஏழாம் படி: முதல் மழைக்காலம்

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று எல்லோரும் வருவார்கள். அதற்குப் பிறகு வரும் ஐப்பசியில் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது நீங்கள் இருக்க வேண்டும். வேலை இல்லை, கையில் காசில்லை, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மேஸ்திரி போன் பண்ணுவார். முன்னைவிட அதிகமாகவே தருவார், இப்போது வீடு இருக்கிறதே, ஓட மாட்டார்கள் என்று.

இந்த நாலு மாதத்துக்கு வருகையை வாரம் ஒன்றாக ஆக்குங்கள். அவசரத்துக்கு 2,000, 3,000 ரூபாய் உடனே எடுக்கக்கூடிய குழுச் சேமிப்பு இருந்தால், 30,000 ரூபாய் அட்வான்ஸைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். நான் பார்த்தவரை குடும்பம் அட்வான்ஸ் வாங்கியது பெரிய ஆசைக்காக இல்லை. பிரசவம், சாவு, வழக்குச் செலவு, இந்த மூன்றில் ஒன்று.

பிழைப்புக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுக்க அவசரப்படாதீர்கள். தையல் மெஷின் கொடுத்துவிட்டு வந்த வீடுகளில் அது துணி காயப்போடும் மேடையாக இருக்கிறது. இவர்களுக்கு மரம் வெட்டத் தெரியும், எந்தத் தோப்பில் எத்தனை டன் தேறும் என்று பார்த்தவுடன் சொல்வார்கள். அதே வேலையைப் பத்துப் பேர் குழுவாக, அட்வான்ஸ் இல்லாமல், டன் கணக்கில் நேரடி ஒப்பந்தம் எடுத்துச் செய்தால் வருமானம் அவர்கள் கைக்கே வரும். இதற்கு முன்னோடியும் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடையானபோது, 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அதே திறமையை விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்கும் தொழிலாக மாற்றினார்கள். 2023-இல் பாம்பு பிடிக்கும் இருளரான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

குழந்தைகள், உடம்பு, போலீஸ்

பிறப்புச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊர் மாறும் குடும்பம் என்றால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து அனுப்ப நான் சம்மதிப்பதில்லை.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை. காசநோய் மருந்து நடுவில் நின்றுபோவது சூளைக்குப் போகும்போதுதான், ஆகவே சுகாதார செவிலியரிடம் போகும் ஊரின் பெயரைச் சொல்லி மாற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள். குடியைப் பற்றி அறிவுரை சொல்லாதீர்கள். யாராவது தானாகவே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் நாளுக்குக் காத்திருந்து அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஊரில் எங்கே திருடு போனாலும் இருளர் இளைஞர்களைக் கூட்டிப்போவது இன்னும் நிற்கவில்லை. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் விசாரணைக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். இதை எல்லோருக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள். ராத்திரி போன் வந்தால் எடுங்கள்.

கோப்பை எப்போது மூடுவது

குடிபுகுந்த தேதியில் மூடாதீர்கள். என் கணக்கு இது: புது வீட்டில் ஒரு முழு மழைக்காலம், அதற்குப் பிறகு வரும் ஒரு தை மாதம், இரண்டையும் அட்வான்ஸ் வாங்காமல் கடந்திருக்க வேண்டும். சூளைக்கே போனாலும் சரி, கடனில்லாமல், தன் விருப்பத்தில் போய், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தார்களா என்று பாருங்கள். ஒரு தடவை மறுபடி அட்வான்ஸ் வாங்கிப் போய்விட்டால் கோபப்படாதீர்கள், கோப்பில் தோல்வி என்றும் எழுதாதீர்கள். என்ன செலவு வந்தது என்று கேட்டு எழுதி, திரும்பி வரும் மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும் நாளில் கோப்பில் இருப்பதை எல்லாம் குடும்பத்துக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையிலேயே கொடுங்கள், படங்களையும் அப்படியே. பட்டாவின் புதிய நகல், புல எண் தெளிவாகத் தெரியும்படி லேமினேட் செய்தது, டப்பாவில் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்த ஏரிக்கரை அக்காவின் வீட்டில் கதவுக்குப் பின்னால் சுவரில் ஐந்து போன் எண்களைக் கரியால் எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம்: தொப்பி, ஊசி, அரிசி மூட்டை, பள்ளிக்கூட மணி, ஒரு கண்ணாடி போட்ட முகம். கடைசிப் படம் நான். எண் மாறியபோது போய் அழித்து எழுதிவிட்டு வந்தேன்.